கிளாடிஸ் வீட்டு மானியக் கவுண்டர்

பனவிளையில் எதைக் கேட்டாலும் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் சொல்வார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோர் பேச்சும் ஒன்றாக இருக்கும்: மானியக் கவுண்டர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பால் பொங்கி அடங்கிய பிறகு, பயறு வறுபட்டு மணம் எழும்பும் முன்பு. கிளாடிஸ் பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பயறு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போய்த் திரும்பியபோது, அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே நேற்றுவரை சுவராக நின்ற இடத்தில் இடுப்பளவு மேடையும், மேடைமேல் கம்பி வலையும், வலையில் ஒரு கை நுழைகிற அரைவட்டமும், அதற்கு மேலே 'சிறுதொழில் மானியப் பிரிவு' என்று நீலப் பலகையும் இருந்தன. வலைக்கு இந்தப் பக்கம், அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய ஓர் ஒல்லி மனிதர் மர நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்பை மைப் பெட்டியில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

கிளாடிஸ் கண்ணில் முதலில் பட்டது அவர் காலில் கிடந்த செருப்பு.

"சாரே, இது அடுப்படியாக்கும். செருப்ப வெளிய போட்டுட்டு வாரும்."

அவர் மறுபேச்சு இல்லாமல் எழுந்து, பின்வாசலில் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தார். பெயர் ஈஸ்வரமூர்த்தி என்றார். பிரிவு எழுத்தர் என்றார். பத்து மணிக்குத்தான் கவுண்டர் திறக்கும் என்றார். பத்து மணி ஆக நிறைய நேரம் இருந்ததால் கிளாடிஸ் அவருக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாள், காப்பியோடு நிறுத்த முடியுமா, இரண்டு தோசையும் வைத்தாள், மத்தியானம் ஆனதும் சோறும் போட்டாள். அடுப்படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பட்டினி போட்டுவிட்டு அடுப்பில் கரண்டி போடுவது எப்படி என்று பனவிளையில் யாருக்கும் தெரியாது.

கவுண்டர் ஏன் வந்தது என்று கிளாடிஸின் கணவர் சுந்தரதாஸ் மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டார். ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த அவர் பால் வெட்டு முடிந்து வந்து, சுவர் இருந்த இடத்தைப் பார்த்து, "இது எப்பம் வந்து?" என்றார்.

"காலம்பற."

"அப்பம் எனக்கச் சோத்த இனி எது வழியா தருவ?"

"பின்வாசல் வழியா வாரும். அரசாங்கம் வந்திருக்கு, நீரு சுத்தி வந்தா ஒண்ணும் தேஞ்சி போவாது."

அத்தோடு அந்தக் கேள்வி தீர்ந்துபோனது.

கிளாடிஸுக்கு வேறு கவலை இருந்தது. அவளும் பக்கத்து வீட்டுத் தங்கலீலாவும் சேர்ந்து முந்திரிக்கொத்து செய்து விற்கிறவர்கள். பச்சைப்பயறை வறுத்து, பொடித்து, தேங்காயும் எள்ளும் சுக்கும் கலந்து, கருப்பட்டிப் பாகு கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே உருட்டி, மாவில் தோய்த்து மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் அதுதான் முந்திரிக்கொத்து, அதில் பேருக்குக்கூட ஒரு முந்திரிப்பருப்பு கிடையாது. உருட்டுவது கிளாடிஸ், வறுப்பதும் பொடிப்பதும் தங்கலீலா. வருடக்கணக்காக உரலில் உலக்கையைத் தூக்கித் தூக்கி இப்போது தங்கலீலாவின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. டவுன் பேக்கரி ஒன்று கிறிஸ்துமஸுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்த நேரத்தில் அவள் வந்து சொன்னாள், "மைனி, வறுத்துப் பொடிக்க ஒரு மெஷின் வரணும். இல்லேன்னா இந்த வருசத்தோட நான் நிறுத்துகேன். மகளுக்க வீட்டுக்குக் கோயம்புத்தூருக்குப் போயிருவேன்." தங்கலீலா மிரட்டத் தெரியாதவள். அவள் சொன்னால் போய்விடுவாள் என்று கிளாடிஸுக்குத் தெரியும்.

மெஷினுக்கு மானியம் உண்டு என்று யாரோ சொல்லித்தான் கிளாடிஸ் அந்த வருடம் முழுக்க பஸ் ஏறி டவுன் ஆபீசுக்குப் போனாள். கீழ்மாடியில் மேல்மாடி என்றார்கள், மேல்மாடியில் அடுத்த கட்டிடம் என்றார்கள், அடுத்த கட்டிடத்தில் இருந்த அம்மாள் 'இந்தத் திட்டம் போன மாதம் வேறு பெயருக்கு மாறிவிட்டது, புதுப் பெயர் எங்களுக்கு இன்னும் வரவில்லை' என்றாள். கான்வென்டில் படித்தவள் கிளாடிஸ். எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில் விடை எழுத வேண்டும் என்று மதர் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார். ஆனால் முழு வாக்கியத்தில் பதில் எழுதக் கேள்வி முதலில் விளங்க வேண்டுமே. 'தொழில் புதியதாக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி. 'விண்ணப்பதாரருக்கு அதே தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இருக்க வேண்டும்' என்று அதற்கு அடுத்த வரி. பிறக்காத பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறதா என்று கேட்டால் ஒருத்தி என்ன எழுதுவாள்?

அப்படிப்பட்ட ஆபீஸ் இப்போது அவள் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்திருந்தது, ஆனால் அவளால்தான் அதனிடம் போக முடியவில்லை.

ஊரெல்லாம் போனது. முதல் நாள் நாலு பேர், மறுநாள் முன்னறை கொள்ளாமல் வாசல், வாசல் கொள்ளாமல் தெரு, தெரு கொள்ளாமல் சர்ச் மதில் வரை வரிசை. செராக்ஸ் கடை வில்சன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கிளாடிஸ் வீட்டுப் போர்ட்டிகோவில் போட்டான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் ஞானஸ்நான அறிவிப்புக்கும் கல்யாண ஓலைக்கும் நடுவே, கவுண்டருக்குப் போகிறவர்கள் கிளாடிஸ் வீட்டு ரோஜாச்செடியை மிதிக்க வேண்டாம் என்று வாசித்தார். அடுப்படி வாசனை பட்டு நிற்கிற பெண்களால் சும்மா நிற்க முடியவில்லை, யாரோ ஒருத்தி உள்ளி உரிக்கக் கேட்டாள், அவளைப் பார்த்து அடுத்தவள் தேங்காய் துருவக் கேட்டாள், நாலு நாளில் வரிசையே முறத்தோடும் தேங்காய் துருவுகிற திருவலகுற்றியோடும் நகர ஆரம்பித்தது. மொசைக் தரையும் கிரானைட் மேடையும் போட்டிருந்த மேலத்தெரு ராஜம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "எனக்க அடுப்படியில நாலு கவுண்டர் நிக்கும். இவளுக்க கரிபிடிச்ச சுவரப் போயி அரசாங்கம் பிடிச்சிருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டே அவளும் வரிசையில் நின்று பியூட்டி பார்லருக்கு எழுதிக் கொடுத்தாள்.

யாருக்கு எது கிடைக்கும் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. தென்னை ஏறுகிற மிக்கேல் மரமேறும் கருவிக்குக் கேட்டு நின்றான், அவனுக்கு அது இல்லை என்றார்கள், ஆனால் ஏற்றுமதியாளராகத் தகுதி இருக்கிறது என்று பெயரைப் பதிந்துகொண்டார்கள், அவன் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வழக்கம்போல் மரம் ஏறப் போனான். ராஜம்மாவுக்குப் பார்லர் இல்லை, ஆடு வந்தது. இரண்டு ஆடுகளையும் கிரானைட் மேடைக்குப் பக்கத்தில் கட்டிவைத்துக்கொண்டு அவள் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் "இதுக்கு நான் என்ன மேக்கப்பா போடட்டு?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் நடுவே கிளாடிஸ் ஈஸ்வரமூர்த்தியின் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் நின்று தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"சாரே, எனக்க மெஷின் காரியம்."

"அம்மா, விண்ணப்பதாரர் கவுண்டருக்கு முன்னால வரணும். நீங்க பின்னால நிக்கிறீங்க. பின்னால நிக்கிறவங்க அலுவலகத்தைச் சேர்ந்தவங்க."

"நான் எனக்க அடுப்படியில நிக்கேன்."

"அது சரி. ஆனா கவுண்டருக்குப் பின்னால."

அவர் ஏமாற்றுகிற ஆளாகத் தெரியவில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஏமாற்றினால் திட்டவாவது செய்யலாம். பின்வாசல் வழியாகப் போய், வீட்டைச் சுற்றி, தெருவில் இறங்கி, சர்ச் மதிலருகே வரிசையின் கடைசியில் நின்றாள். நின்று நின்று முன்னறை வரை வந்த நேரத்தில் உள்ளே பால் பொங்கியது, பின்வாசலைச் சுற்றி ஓடினாள், இடம் போனது. மறுநாள் குழம்பு அடிப்பிடித்தது. அதற்கு மறுநாள் சிலிண்டர்க்காரன் வந்து மணியடித்தான். தன் வீட்டு அடுப்புக்கும் தன் வீட்டு முன்னறைக்கும் நடுவே ஓடி ஓடிக் கிளாடிஸுக்குத் தான் எந்தப் பக்கத்து ஆள் என்பதே குழம்பிப்போனது. கடைசியில் தங்கலீலாதான் "நான் அடுப்பப் பாத்துக்கிடுகேன், நீங்க போயி நில்லுங்க மைனி" என்று ஒரு கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று கிளாடிஸ் வலைக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். ஈஸ்வரமூர்த்தி அவளை அதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் நிமிர்ந்து, "பெயர்?" என்றார்.

கிளாடிஸ் முழு வாக்கியத்தில் சொன்னாள்.

கோப்பு திறந்தது. கோப்பு திறந்தால் ஆய்வு வரும், ஆய்வுக்கு மெஷின் இடத்தில் இருக்க வேண்டும், மெஷின் வாங்க மானியம் வேண்டும், மானியத்துக்கு ஆய்வு வேண்டும். இந்தச் சுழலுக்குள் தலையைவிட்ட கிளாடிஸ் வெளியே எடுக்கத் தெரியாமல் நின்றபோது, மெஷின் கம்பெனிக்காரன் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான்: மெஷினைக் கொண்டுவந்து மாட்டிவிடுவான், கோப்பு பாஸ் ஆனால் அவனுக்குப் பணம் வரும், ஆகவில்லை என்றால் அன்றைக்கே வண்டி வந்து தூக்கிப்போகும். "ஒண்ணு நிச்சயமாச் சொல்றேன்" என்று ஈஸ்வரமூர்த்தியும் சேர்ந்துகொண்டார். "கோப்பு நிலுவையில இருக்கிற வரைக்கும் அந்த மெஷினை யாரும் அசைக்கக் கூடாது. அது விதி."

மெஷின் வந்தது. ஆள் உயரத்தில், வயிறு பெருத்த எஃகுப் பீப்பாய். தங்கலீலா பயறைக் கொட்டிப் பட்டனை அமுக்கினாள், அது தானே சுழன்று தானே வறுத்து தானே பொடித்துக் கீழே கொட்டியது, அவள் வலது கையைத் தொங்கவிட்டபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மைனி, மாவு மணக்குது" என்றாள். கோயம்புத்தூர் பேச்சு அன்றிலிருந்து நின்றது.

ஆய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டில், மரச்சீனிக்கிழங்கை மீன்கறியில் தோய்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தி கையை நிறுத்தினார்.

"அம்மா. விண்ணப்பதாரர் குடும்பத்துல அரசு ஊழியர் யாரும் இருக்கக் கூடாது."

"யாரும் இல்ல. அவரு ரப்பர் தோட்டம்."

"ஒரே அடுப்புல வழக்கமா சாப்பிடுறவங்க ஒரே குடும்பம். அதுதான் விதியில இருக்கிற விளக்கம்." அவர் தட்டைப் பார்த்தார். கிளாடிஸும் தட்டைப் பார்த்தாள். கையில் கரண்டியோடு நின்ற தங்கலீலாவும் பார்த்தாள். முதல் நாள் காப்பியிலிருந்து நேற்றைய ரசவடை வரை எல்லாம் மூன்று பேர் கண்ணிலும் ஓடியது.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா சாரே?"

"பசிச்சுதும்மா" என்றார் அவர்.

ஊர் கூடி யோசித்தது. வரிசையில் நின்றவர்களே அங்கங்கே குந்தி உட்கார்ந்து பேசினார்கள். மருமகள் வந்து ஒத்துவராத வீட்டில் என்ன செய்வோம், அடுப்பைப் பிரிப்போம், அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும் என்று ராஜம்மா தீர்ப்புச் சொன்னாள், அவள் அடுப்புப் பிரித்து மூன்று மருமகள்களை அனுப்பியவள், அந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அடுத்த வியாழக்கிழமை ஃபாதர் வந்து ஜெபம் சொல்ல, ஈஸ்வரமூர்த்தியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்து, கிளாடிஸின் அடுப்பிலிருந்து நெருப்பெடுத்து அதைப் பற்றவைத்து, பால் காய்ச்சி, ஒரு பானையும் ஒரு சட்டியும் அரிசியும் உப்பும் புளியும் கொடுத்து அவரைத் தனிக் குடித்தனம் வைத்தார்கள். சுந்தரதாஸ் எடுத்துக் கொடுத்த வேட்டியை அவர் பேன்ட்டுக்கு மேலேயே தோளில் போட்டுக்கொண்டார். வரிசையில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். கிளாடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஏன் துடைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாடு. சோறு கஞ்சியானது, அல்லது கரியானது. பக்கத்து அடுப்பில் மீன் புளிமுளம் கொதிக்க, அவர் உப்புப் போடாத சோற்றை ஊறுகாயே இல்லாமல் விழுங்கி, மூக்கைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஸ்டாம்ப் குத்தினார். கிளாடிஸ் அவர் பக்கம் பார்க்காமல் பாத்திரங்களை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

ஆய்வுக்கு வந்தது நாகரத்தினம் என்கிற பெண் அதிகாரி, தடித்த கண்ணாடி, தோளில் தோல்பை. மெஷினைப் பார்த்தார், நம்பரைக் குறித்தார், முந்திரிக்கொத்தை விரலால் அமுக்கிப் பார்த்துத் திரும்பத் தட்டில் வைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதப்போனவர் ஸ்டவ்வைக் கண்டார்.

"இது யாரோடது?"

"என்னோடது மேடம். நான் தனியா சமைக்கிறேன்" என்று ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்றார்.

"எப்பருந்து?"

கிளாடிஸ் முந்திக்கொண்டாள். சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்று, ஃபாதர் ஜெபம் சொன்னதையும், நெருப்பெடுத்துக் கொடுத்ததையும், பால் பொங்கியதையும், வேட்டி எடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முன்னறையில் நின்ற வரிசை முழுக்க "ஆமா மேடம், நாங்க சாச்சி" என்றது. வில்சன் போட்டோ வேறு எடுத்து வைத்திருந்தான், அதையும் வலை ஓட்டை வழியாக நீட்டினான்.

நாகரத்தினம் போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"பிரிஞ்சுட்டார்னா, அதுக்கு முன்னாடி சேர்ந்து இருந்திருக்கார். வெளியாளை யாரும் தனிக்குடித்தனம் வைக்க மாட்டாங்க. குடும்பத்து ஆளைத்தான் வைப்பாங்க." அவர் குரலில் கோபமில்லை, வருத்தம்போல்கூட இருந்தது. "ஒரே கதவு எண்ணுக்குள்ள பிரிஞ்சா ஒரு வருசத்துக்கு அது செல்லாது. நான் என்னம்மா செய்ய?"

அவர் எழுதிவிட்டுப் போனார். ராஜம்மாகூட ஆட்டுக்குத் தழை போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு நிராகரிப்பு ஆணை தயாரானது. அதைத் தயார் செய்ய வேண்டியவர் ஈஸ்வரமூர்த்திதான், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி விண்ணப்பதாரர் கையில் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். பன்னிரண்டுக்கு மெஷின் கம்பெனி வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவர் கயிற்றோடு உள்ளே வந்தான். பேக்கரி ஆர்டரில் பாதி பயறு மூட்டையாகவே கிடந்தது. தங்கலீலா மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு நகரவில்லை, அழவும் இல்லை, பீப்பாயின் வயிற்றில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து ஆயாச்சா சார்?" என்றான் டிரைவர்.

ஈஸ்வரமூர்த்தி பேனாவைத் திறந்தார். ஒரு வாரமாக அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

கிளாடிஸுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. விதி மேலா, ராஜம்மா மேலா, தன் நாக்கின் மேலா, இல்லை எலும்பும் தோலுமாகத் தன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தன் வாழ்க்கையில் முத்திரை குத்தப்போகிற இந்த மனிதர் மேலா.

"அத அங்க வையும்" என்றாள். "இனி என்ன, போனது போயாச்சு. எனக்க அடுப்படியில இருந்துக்கிட்டு ஒரு ஆளு பட்டினியோட எனக்கு ஓலை எழுத வேண்டாம். மொதல்ல சாப்பிடும்."

தட்டில் சம்பா அரிசிச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துத் தீயலை ஊற்றினாள். அவர் டிரைவரைப் பார்த்தார், ஆணையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, வலது கையைச் சோற்றில் வைத்தார். ஒரு வாய். இன்னொரு வாய். அவர் கண் நிறைந்துபோனது.

"சார், கையெழுத்து" என்றான் டிரைவர்.

"எச்சிக் கையாக்கும், தெரியல்லியா?" என்று கிளாடிஸ் சீறினாள். "எச்சிக் கையோட அரசாங்கக் காயிதத்தத் தொடச் சொல்லுதியா நீ? அப்பிடிப் போயி இரு. ஒனக்கும் ஒரு தட்டு போடுகேன்."

அவள் சொன்னது வெறும் கோபத்தில்தான். சொல்லிவிட்டுக் கரண்டியோடு திரும்பியபோதுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. அசையாமல் நின்றாள். தங்கலீலா நிமிர்ந்தாள். கோப்பு மேடைமேல் திறந்தே கிடந்தது, கையெழுத்து இல்லாமல், முத்திரை இல்லாமல், நிலுவையில்.

தங்கலீலா இடது கையால் ஒரு மூட்டையை அவிழ்த்துப் பயறைக் கொட்டிப் பட்டனை அமுக்கினாள். மெஷின் சுழன்றது. யாரும் சொல்லாமலே வரிசையில் இருந்து ஒருத்தி தன் வீட்டுக்கு ஓடினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி ஓடினாள், கொஞ்ச நேரத்தில் இத்தனை நாளும் விண்ணப்பம் மட்டுமே நுழைந்துகொண்டிருந்த அந்த அரைவட்டம் வழியாக ஒரு கிண்ணம் அவியல் உள்ளே வந்தது, அதன் பின்னால் மீன் வறுத்தது, அதன் பின்னால் புளிசேரி, அதன் பின்னால் யார் வீட்டிலிருந்தோ ஒரு சின்னத் தூக்கு நிறையச் சோறு, பாத்திரம் பாத்திரமாகக் கை மாறி வரிசை நெடுக வந்துகொண்டே இருந்தது.

தட்டில் சோறு தீர்ந்து, ஈஸ்வரமூர்த்தியின் விரல்கள் வெறும் தட்டில் கோடு இழுத்தன. கிளாடிஸ் கரண்டியைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போதுமா சாரே?"

அவர் ஆணையைப் பார்த்தார். மெஷினிலிருந்து கொட்டிக்கொண்டிருந்த மாவைப் பார்த்தார். விதியில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர்போல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தட்டை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கம்மா."